ஏழாம் அத்தியாயத்தை வெட்டுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். கைப்பிரதியின் ஏழாம் அத்தியாயத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டு, ஓரத்தில் ‘பிரச்சினை வரும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தேர் எந்தத் தெருவுக்குள் போகாது, ஏன் அந்த முனையில் சட்டென்று திரும்புகிறது என்று சொல்லும் அத்தியாயம். நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, முதல் பக்கத்தில் ‘யாவும் கற்பனையே’ என்று போடப்போவதாகக் கடிதத்தில் சொல்கிறீர்கள். வெட்ட வேண்டியதை விட்டுவிட்டு வெட்டக்கூடாததில் கை வைக்கிறீர்கள்.

அந்த ‘யாவும் கற்பனையே’யில் தொடங்குகிறேன். அவதூறு வழக்கில் அந்த வரியை மட்டும் நம்பி நிற்க முடியாது. படிக்கிறவருக்கு ஆள் யாரென்று பிடிபடுகிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் உரக்கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றிவிட்டீர்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை, இரண்டு முறை பேரூராட்சித் தலைவர், லேசாக விந்தும் நடை, மூத்த மகன் துபாயில். ஊரில் பால் ஊற்றுகிறவர்கூட யாரென்று சொல்லிவிடுவார். பெயரை மாற்றினால் போதாது, அடையாளத்தைக் கலைக்க வேண்டும். நாலு பேரிடமிருந்து நாலு விவரத்தை எடுத்து ஒருவருக்குக் கொடுங்கள். கடையை அரிசி மண்டியாக்குங்கள், துபாய் மகனைத் தூக்கிவிடுங்கள். அவர் தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிடும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் தொடாதீர்கள். ஊர்ப்பெயரையும் தாராளமாக மாற்றலாம். தேர் திரும்பும் முனையை மாற்றினால்தான் கதை பொய்யாகும்.

அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆவது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500தான். போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர் போட முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகத்தான் போக வேண்டும், அதுவும் மூன்று ஆண்டுக்குள். இறந்துபோனவர்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதப்பட்டதென்றால் செத்தவர் பேரிலும் அவதூறு நிற்கும்.

பொது ஆவணத்தில் இருப்பதை எழுத உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதைத் தடுக்க அதிகாரிகள் முயன்ற வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. ஒன்று, தங்கள் பேர் கெடும் என்பதற்காக அரசோ அதிகாரிகளோ வெளியீட்டுக்கு முன்பே தடை போட முடியாது. இரண்டு, நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணத்தில் வந்துவிட்ட செய்திக்கு அந்தரங்க உரிமை பேச முடியாது. பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்களின் அடையாளத்துக்கு மட்டும் அங்கே விலக்கு இருக்கிறது. அந்த விலக்குக்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் பயம் அவதூறு பற்றியதல்ல என்பது புரிகிறது. ‘புத்தகத்தைத் தடைசெய்துவிடுவார்கள்’ என்கிறீர்கள். யார் செய்வார்கள்? கலெக்டரா, இன்ஸ்பெக்டரா, கோயில் கமிட்டியா? மூன்று பேருக்குமே அந்த அதிகாரம் கிடையாது. பறிமுதல் செய்ய மாநில அரசு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்ஸின் 98ஆவது பிரிவின்கீழ் (பழைய சட்டத்தில் 95) அறிவிக்கை வெளியிட வேண்டும். எந்தக் காரணத்தால் அந்த முடிவுக்கு வந்தோம் என்பதை அதிலேயே எழுத வேண்டும். காரணம் சொல்லாத அறிவிக்கை நிற்காது. அரசிதழில் வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நீங்கள் உயர் நீதிமன்றம் போகலாம், மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு கேட்கும். அந்த இரண்டு மாதத்தைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

நடைமுறையில் புத்தகம் இந்த வழியில் சாவது அபூர்வம். பெருமாள்முருகனுக்கு நடந்ததைப் பாருங்கள். அவருடைய ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது. நான்கு ஆண்டு சத்தமில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கொளுத்தினார்கள், அடுத்து கடையடைப்பு. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. அரசு தடை போடவில்லை, கோர்ட் உத்தரவு ஒன்றும் இல்லை. ஒரு தாளில் கையெழுத்து, அவ்வளவுதான். ‘வருத்தம்’ என்று இருந்த சொல் போதாதென்று ‘நிபந்தனையற்ற மன்னிப்பு’ ஆனது. அதன்பின் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், புஷ்பா சத்யநாராயணா அமர்வு, அந்தக் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போடு, படி என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்கு முன் ஒன்றரை ஆண்டு போய்விட்டதே, அதை யார் திருப்பித் தருவார்கள்?

ஆகவே அப்படி ஒரு அழைப்பு வந்தால் வாயால் சொன்னார்கள் என்று கிளம்பிப் போகாதீர்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் கூப்பிடுகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். போனால் வழக்கறிஞரோடு போங்கள். பாதுகாப்பு வேண்டுமென்று முதல் நாளே எஸ்.பி.க்கு மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். கூட்டம் கூடினால் அதை அடக்குவதுதான் அரசின் வேலை என்று ‘ஒரே ஒரு கிராமத்திலே’ பட வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. அந்த அறையில் வைத்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் கொடுங்கள், நாளை பதில் தருகிறேன் என்பதே போதும்.

எஃப்.ஐ.ஆர் வந்தால் பெரும்பாலும் சன்ஹிதாவின் 196, 299 பிரிவுகளில் வரும் (பழைய 153ஏ, 295ஏ): முதலாவது பிரிவினரிடையே பகை மூட்டுவது, அடுத்தது மத உணர்வைப் புண்படுத்துவது. இரண்டும் ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவுகள்தாம், ஆனாலும் ஏழாண்டு வரையிலான தண்டனைக்குள் வருவதால், கைது அவசியம் என்பதற்குக் காரணம் காட்ட முடியாவிட்டால் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதியும் வேண்டும். 299இல் ‘வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு’ என்பதை நிரூபித்தாக வேண்டும். காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடியின் கவிதை வழக்கில், 2025 மார்ச்சில், உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: இத்தகைய புகாரில் பதிவு செய்யும் முன் 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்துவதே முறை, எழுத்தை எடைபோட வேண்டியது நிதானமும் மனத்திடமும் உள்ள மனிதரின் கண்ணால், எதற்கெடுத்தாலும் பதறுகிறவரின் கண்ணால் அல்ல.

முன்னுரையை மறுபடி எழுதுங்கள். ‘ஆறு ஆண்டு கள ஆய்வு செய்து, உண்மைச் சம்பவங்களை அப்படியே’ என்று பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். பெருமாள்முருகன் வழக்கில் எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்ட விஷயங்களில் ஒன்று, கள ஆய்வு பற்றிய முன்னுரைக் குறிப்புதான். புனைவு என்று நாவலும் வரலாறு என்று முன்னுரையும் சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நீங்களே வேலையை முடித்துக்கொடுத்த மாதிரி. கள ஆய்வுக் குறிப்பேடுகளைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள். கெட்ட எண்ணம் இல்லை என்பதற்கு அவைதான் சாட்சி. முன்னுரைக்கு அவை வேண்டாம்.

இனி அந்த விலக்கு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சன்ஹிதாவின் 72ஆவது பிரிவில் குற்றம். குழந்தையென்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும் சேரும். பெயர் மட்டுமல்ல, அடையாளம் காட்டும் எந்த விவரமும் கூடாது. பத்தாம் அத்தியாயத்துச் சிறுமி படிக்கும் பள்ளி, சைக்கிளின் நிறம், அப்பாவின் லாரி, சம்பவத்தின் தேதி எல்லாமே செய்தித்தாளில் வந்தபடியே இருக்கின்றன. பத்திரிகை எழுதியதால் நீங்களும் எழுதலாம் என்றாகாது. சிவப்புப் பேனா அங்கே ஓடியிருக்க வேண்டும். வகுப்பு, பள்ளி, மாதம், அப்பாவின் தொழில் நான்கையும் மாற்றிவிட்டு அந்த அத்தியாயத்தை மட்டும் முதலில் அனுப்புங்கள். ஏழாம் அத்தியாயத்தில் நீங்கள் போட்ட கோட்டை அழித்துவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்