ஏ.ஐ.எஸ்ஸைக் கழற்றும் முன்

அன்புள்ள மக்கா,

மஸ்கட்டில் சுகம்தானே? இங்கே குலசேகரம் பக்கம் மழை விட்டபாடில்லை. ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது. போன ஞாயிறு உன் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் உண்டு, மற்றபடி நல்லா இருக்கிறார்கள். மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிடாமல் விடவில்லை.

உன் மகன் உன் யமஹா பைக்கைப் பற்றிச் சொன்னான். புதிதாகப் போட்ட சைலன்சர், ஆக்சிலேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கிறதாம். புகையில் மிஞ்சிய பெட்ரோல் எரியக் காற்று விடும் ஏ.ஐ.எஸ்ஸைக் கழற்றிவிட்டு என்ஜின் ஹெட்டில் ஒரு தகடு வைத்து அடைத்தால் சத்தமும் நிற்கும், பிக்கப்பும் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்வதாகச் சொன்னான். நல்ல வேளை, கேட்கிறான்.

யமஹாவில் இதற்கு ஏர் இண்டக்‌ஷன் சிஸ்டம் என்று பேர். மற்ற கம்பெனிகள் வேறு பேர் வைத்திருக்கும், வேலை ஒன்றுதான். எக்ஸாஸ்ட் வால்வு மூடும் நேரத்தில், வெளியே ஓடுகிற புகை தன் வேகத்தில் போய்விடும்; பின்னால் ஒரு நொடிக்கும் குறைவாக இழுப்பு உண்டாகும். அந்த இழுப்பில் ரீடு வால்வின் மெல்லிய தகடு திறந்து, ஏர் ஃபில்டரிலிருந்து சுத்தமான காற்று எக்ஸாஸ்ட் துவாரத்துக்குள் வரும். எரியாமல் வந்த பெட்ரோல் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் அங்கிருக்கும் சூட்டிலேயே எரிந்துவிடும். புகை திருப்பித் தள்ளினால் தகடு மூடிக்கொள்ளும். மோட்டார் கிடையாது, என்ஜினிலிருந்து ஒரு துளி சக்தி எடுப்பதும் கிடையாது. காற்று சேர்வது சிலிண்டருக்கு வெளியே. அதை நிறுத்தினால் பிக்கப் எப்படிக் கூடும்? இதைத்தான் அவனுக்குப் பொறுமையாக விளக்கினேன்.

சரி, வெடிச் சத்தம் எதனால்? ஆக்சிலேட்டரை மூடும்போது எரியாத பெட்ரோல் கொஞ்சம் சைலன்சருக்குள் போகும். அந்த நேரத்தில் காற்றும் போனால் வெடிக்கும். அதனால்தான் அந்த நேரத்தில் காற்றை நிறுத்த இதிலேயே ஒரு கட் வால்வு வைத்திருக்கிறார்கள். என்ஜின் காற்றை உறிஞ்சும் இன்லெட் பக்கத்து வேக்குவம் அதை இழுத்து மூட வேண்டும். வேக்குவம் ஹோஸ் விரிசல் விட்டிருந்தாலோ வால்வுக்குள் இருக்கும் டயாஃப்ரம் கிழிந்திருந்தாலோ மூடாது. அதைவிட அடிக்கடி நான் பார்ப்பது வேறு: சைலன்சர் மாற்றும்போது பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டு, என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்டு பைப்பின் மூட்டு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுவது. அப்படியென்றால் ஏ.ஐ.எஸ்ஸைக் கழற்றினாலும் சத்தம் முழுசாக நிற்காது. கடற்காற்றில் நம் ஊரில் அந்தப் பைப்பைப் பிடித்திருக்கும் ஸ்டட்டெல்லாம் துருப்பிடித்திருக்கும், அவசரமாக முறுக்கவும் கூடாது.

கார்புரேட்டரில் ஐடிலிங் கலவையைச் சரிசெய்ய ஏர் ஸ்க்ரூ வைக்கும்போது, மீட்டரில் கார்பன் மோனாக்சைடு பார்க்க வேண்டுமானால் பட்டறையில் நாங்களே ஏ.ஐ.எஸ்ஸின் காற்று ஹோஸை இறுக்கிப் பிடித்து அடைப்போம்; இல்லாவிட்டால் கூடுதல் காற்று கலந்து அளவு குறைத்துக் காட்டும். வேலை முடிந்ததும் விட்டுவிடுவோம். அது வேறு, நிரந்தரமாக அடைப்பது வேறு. சிலர் ஹோஸை மட்டும் உருவிவிட்டு ஃபில்டர் பெட்டியின் ஓட்டையைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். களியக்காவிளை ரோட்டில் கல்லும் மணலும் ஏற்றிப்போகும் லாரிகளின் தூசு ஃபில்டரைத் தொடாமல் நேராக என்ஜினுக்குள் போகும். பிஸ்டனும் ரிங்கும் எத்தனை நாள் தாங்கும், சொல்.

கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தப்பு. உன் வண்டி 2012-இல் வாங்கியது. புகை டெஸ்டில் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் நான் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை மக்கா. ஐடிலிங்கில்தான் என்ஜின் காற்றின் அளவுக்குப் பெட்ரோலை அதிகமாகக் குடித்து அரைகுறையாக எரிக்கும், அப்போதுதான் இந்தச் சின்ன வால்வு அதிகம் உழைக்கும். மார்த்தாண்டத்தில் பாலத்துக்கு அடியில் சாயங்காலம் நின்று பார். வண்டிகள் நகராமல் உறுமிக்கொண்டிருக்கும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் பஸ்ஸுக்காக நடுவில் நிற்பார்கள், புகை போக வழியில்லை. இந்த வால்வு வேலை செய்ய வேண்டிய இடம் அந்தப் பாலத்தடிதான்.

அவனிடம் நீயும் ஒரு வார்த்தை பேசு. கோபப்படாதே, ஆர்வம் உள்ள பையன். பேக்கிங் வாங்கி வைத்திருக்கிறேன். மழை குறைந்ததும் வண்டியைக் கொண்டு வரட்டும். வேக்குவம் ஹோஸையும் கார்புரேட்டரையும் சேர்த்துப் பார்த்துவிடுவோம், ரீடு வால்வில் கரி படிந்திருந்தால் அவனையே துடைக்க வைக்கிறேன். அப்புறம், அம்மா கேட்கச் சொன்னார்கள்: கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா, டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
உன் தக்கலை நண்பன்