லேப் வைஃபைல என் சுகர் ரிப்போர்ட்

ஆசிரியருக்கு வணக்கம். போன வாரம் எங்க ஏரியா லேப் ஒண்ணுல ரத்தம் குடுத்துட்டு, சுவத்துல ஒட்டியிருந்த வைஃபை பாஸ்வேர்ட போட்டு லேப்டாப்ப கனெக்ட் பண்ணா, நெட்வொர்க்ல அவங்க பில்லிங் கம்ப்யூட்டரே தெரியுது, உள்ள 'ரிப்போர்ட்ஸ்'னு ஒரு ஃபோல்டர், பூட்டே கிடையாது, என் பேரும் பக்கத்து சேர் அக்கா பேரும் வரிசையா நிக்குது (ஃபைல் எதையும் தொறக்கல, சத்தியமா). கவுண்டர்ல சொன்னா "நெட்காரர் போட்டுக் குடுத்ததுங்க"ன்றாங்க. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்துல, தரவுக்கு ஒழுங்கா பாதுகாப்பு பண்ணாம விட்டா 250 கோடி வரைக்கும் அபராதம் இருக்கு, சின்ன லேபுக்கு அவ்ளோ போட மாட்டாங்கதான், ஆனா ரவுட்டர்லயே கெஸ்ட் வைஃபைய (வர்றவங்களுக்குன்னு, லேப் கம்ப்யூட்டருங்க தெரியாத தனி வைஃபை) தனியா ஆன் பண்ணி, அந்த ஃபோல்டருக்கு பாஸ்வேர்ட் வைக்க எவ்ளோ நேரம் ஆகப்போகுது? சுகாதாரத்துறைலேர்ந்து லைசென்ஸ் செக் பண்ண வர்றவங்க இதையும் ஒரு பார்வை பாக்கலாமே.

ஒரு வாசகர், திருப்பூர்