கண்காணிக்கிற குழுவைக் கொஞ்சம் கண்காணியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் மருத்துவ இணைப்பில், புது மருந்துச் சோதனைகளில் நோயாளிகள் தயங்காமல் சேர வேண்டும் என்று ஒரு பெரிய மருத்துவர் முழுப்பக்கம் எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: ‘ஒவ்வொரு கட்டத்தையும் நெறிமுறைக் குழு கண்காணிப்பதால் யாரும் அஞ்சத் தேவையில்லை.’ சோதனைக்கு அனுமதி கொடுத்து, அதில் சேருபவர்களின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டிய குழு அது. அந்த இணைப்பின் கடைசிப் பக்கத்தில் எந்த மருத்துவமனையின் விளம்பரம் வந்திருந்தது என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். நான் அதைப் பற்றிப் பேச வரவில்லை.

நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியை. எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனை ஒன்றின் நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதியாகச் சில ஆண்டுகள் இருந்தேன். மருந்துச் சோதனைகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி குழுவில் குறைந்தது 7 பேர் வேண்டும், தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும், பாதிப் பேருக்கு அந்த மருத்துவமனையோடு சம்பந்தம் இருக்கக் கூடாது என்பதெல்லாம் தாங்கள் அறிந்ததே. ஒரு பெண்ணும் வேண்டும், மருத்துவம் தெரியாத சாமானியர் ஒருவரும் வேண்டும். என்னைச் சேர்த்ததில் அவர்களுக்கு இரண்டு செலவு மிச்சம்.

கட்டுரையாளர் சொல்லும் கண்காணிப்பு நடந்த விதத்தைச் சொல்கிறேன். ஸ்பைரல் பைண்டிங் போட்ட கட்டுகள் கூட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் வீட்டுக்கு வரும். தலையணை கனத்தில், முழுக்க ஆங்கிலத்தில். மறுநாள் ஒரு மணி நேரத்துக்குள் அத்தனையும் ‘பரிசீலிக்கப்பட்டு’, போண்டாவும் காபியும் வந்துவிடும். வார்டுக்குப் போய் ஒரு நோயாளியிடமாவது பேசலாமே என்று கேட்டேன். அது பி.ஐ.யின் வேலை என்றார்கள். பி.ஐ. என்றால் அந்தச் சோதனையை நடத்தும் மருத்துவர்தான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்தால், சோதனையோடு சம்பந்தமில்லாத ஒருவர் கூடவே இருந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கூட்டத்தில் மாதிரிக்கு எடுத்துவைத்த படிவங்களைப் புரட்டினேன். நீல மையில் அப்பிய பெருவிரல் ரேகை, பக்கத்தில் சாட்சியின் கையெழுத்து. அடுத்த படிவத்திலும் அதே கையெழுத்து. அதே சாய்வு, கடைசியில் அதே சுழிப்பு. காலமெல்லாம் விடைத்தாள் திருத்தியவள் கண்ணுக்கு இது தப்புமா? விசாரித்தால், சோதனைக்கென்று சம்பளத்துக்கு வைத்திருந்த கோஆர்டினேட்டர் பெண்ணின் கையெழுத்து. கேட்டேன். “அந்த நேரத்துல வேற யாரும் கிடைக்கலைங்க மேடம், பாவம் அந்தப் பொண்ணு என்ன செய்யும்” என்றார் தலைவர். கூட்டக் குறிப்பில் ‘உறுப்பினர் ஒருவரின் ஐயம் தெளிவுபடுத்தப்பட்டது’ என்று ஏறியது. எனக்கு எதுவும் தெளிவாகவில்லை. பதவிக்காலம் முடிந்ததும் சால்வை போர்த்தி அனுப்பினார்கள்.

சோதனையில் இருப்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நடத்தும் மருத்துவரே 24 மணி நேரத்துக்குள் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழு 30 நாளுக்குள் இழப்பீடு பற்றிய தன் கருத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும். பிட் அடித்த பையனே எழுந்து வந்து சொன்னால்தான் தேர்வறைக் கண்காணிப்பாளருக்கு விஷயம் தெரியும் என்கிற ஏற்பாடு இது. இறந்துபோனால் 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து, வயதுக்கு ஒரு கணக்கு, நோயின் கடுமைக்கு 0.5 முதல் 4 வரை ஒரு பெருக்கல் என்று விதியில் சூத்திரமே இருக்கிறது. ‘மருந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிட்டால் அந்தப் பெருக்கலுக்கே வேலையில்லை. எங்களிடம் வந்த தாள்களில் அந்த டிக் முன்பே விழுந்திருக்கும்.

2020 நவம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசிச் சோதனையில் சேர்ந்த சென்னைக்காரர் ஒருவர், நரம்புப் பாதிப்பு வந்ததாகச் சொல்லி 5 கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். அதைத் தயாரித்த சீரம் நிறுவனம் பதிலுக்கு அவரிடம் 100 கோடிக்கு மேல் நஷ்டஈடு கேட்போம் என்றது. நெறிமுறைக் குழுவே தொடர்பில்லை என்று சொல்லிவிட்டதாகவும் விளக்கம் தந்தது. தொடர்பு உண்டா இல்லையா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தக் குழு யாரை அழைத்துப் பேசியது, எந்த ரிப்போர்ட்டைப் பார்த்தது என்று தங்கள் நிருபர் ஒருவராவது துருவினாரா? தங்கள் பத்திரிகையில் 100 கோடிதான் கொட்டை எழுத்தில் வந்தது. அதைப் படித்த பிறகு எந்தக் கூலிக்காரர் தைரியமாக ‘எனக்கு உடம்புக்கு முடியவில்லை’ என்று வாய் திறப்பார்?

இப்போது தெலங்கானாவில் இருக்கும் கம்மம் மாவட்டத்து விஷயமும் தாங்கள் அறியாததல்ல. 2009இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்தில், விடுதி மாணவிகளுக்காகப் பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை வார்டன்கள் போட்டார்கள். அங்கும் குஜராத்திலுமாக 7 சிறுமிகள் இறந்தார்கள். ஊசியால் அல்ல என்றது அரசுக் குழு, இருக்கட்டும். ஆனால் ஒப்புதல் வாங்கிய லட்சணத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கிழித்துத் தொங்கவிட்டது, நெறிமுறைக் குழுக்களையும் சேர்த்து. அப்போது தங்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். ‘நல்ல கட்டுரை, தொடரட்டும் – மதுரை வாசகி’ என்று மட்டும் அச்சில் வந்தது. அந்த மூன்று சொல்லையும் நான் எழுதவே இல்லை.

இன்னொன்று. கட்டுரையாளர் நெறிமுறைக் குழுவையும், சோதனைத் தரவுகளைப் பார்க்கும் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறார். இரண்டாவது குழு வேறு, எல்லா ஊர்களிலிருந்தும் வரும் புள்ளிவிவரத்தை இடையிடையே பிரித்துப் பார்ப்பது. 2002இல் அமெரிக்காவில், மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் நடந்த ஹார்மோன் மாத்திரைச் சோதனையை, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று கண்டு, முடியும் முன்பே நிறுத்தச் சொன்னது அப்படிப்பட்ட ஒரு குழுதான். மனது வைத்தால் முடியும் என்பதால்தான் எனக்கு இத்தனை கோபம்.

கட்டுரையாளரை மறுத்து எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. அவருக்கு நேரம் இருக்காது. அடுத்த ஞாயிறு அதே இணைப்பில் சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். சோதனையில் சேருபவர், கையெழுத்தான ஒப்புதல் படிவத்தின் நகலையும் தகவல் தாளையும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். இவ்வளவுதான். நாலு வரிகூட வராது.

இந்தத் தடவையும் இடம் போதாது என்றால் என் போண்டாவையும் சால்வையையும் வெட்டிக்கொள்ளுங்கள். பெட்டிச் செய்தியை மட்டும் வெட்ட வேண்டாம். பெயரும் முகவரியும் தனித்தாளில் இருக்கின்றன, வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
மதுரை