பொருள்: லோகோவில் நடராஜரின் கால் மாறியது, ஒன்பது மாதமாக வேலை முடியாதது

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சுவாமிமலையில் பஞ்சலோக வார்ப்பு கற்றுத்தரும் சிறிய பள்ளி எங்களுடையது. லோகோ, பெயர்ப்பலகை, சான்றிதழ் எல்லாம் சேர்ந்த உங்கள் கோல்டு பேக்கேஜுக்கு ஜனவரியில் 48,000 ரூபாய் கட்டினோம். இது நான் எழுதும் ஆறாவது கடிதம்.

முதல் நாளே ஒன்றைத்தான் சொன்னேன். நடராஜர் வேண்டாம், ஊரில் எல்லாக் கடையிலும் அவர்தான் இருக்கிறார். சிலைக்குத் தென்னை ஓலையை மடித்துத்தான் அளவு எடுக்கிறோம், அந்த மடிப்பையே சின்னமாக வரையுங்கள் என்றேன். ஓர் ஓலையை மடித்துக் கூரியரிலும் அனுப்பினேன். வந்தது நடராஜர். அதுவும் வலது காலைத் தூக்கியவர்! எங்கிருந்தோ எடுத்த படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டீர்கள். வலது காலைத் தூக்கி ஆடுவது மதுரை மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்தில். வார்ப்புக்கு முன் எங்கள் பையன்கள் மெழுகில் பிடிப்பது இடது காலைத் தூக்கியவரை.

இதைச் சொல்லத்தான் கும்பகோணத்தில் இரவு ரயிலேறிச் சென்னை வந்தேன். பதினொரு மணிக்கு வரச் சொன்ன உங்கள் ஆபீஸ்காரர் மூன்றரைக்கு வந்து, நின்றபடியே “எந்தக் கால்னு யார் சார் பார்க்கப்போறாங்க?” என்றார். மெழுகில் ஒரு நூல் பிசகினாலும் திரும்பச் செய்ய வைக்கிறவன் நான். என்னிடம் அந்தக் கேள்வி! குடிக்கத் தண்ணீர்கூடத் தரவில்லை.

பெயர்ப்பலகையைச் சொல்ல விட்டுவிட்டேன். ‘தொழில்’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஃபான்ட் பிரச்சினை, சரிசெய்கிறோம் என்று மார்ச்சில் சொன்னீர்கள். ஒரிஜினல் ஃபைல் கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு ஜேபெக் வருகிறது. ஃப்ளெக்ஸ் கடையில் பெரிதாக்கினால் கலங்கிப்போகிறது. ஜூன் சேர்க்கைக்குப் பலகையே இல்லை. ஒரு வருடம் பாழ், பள்ளியின் பெயரே போச்சு.

உங்கள் டிசைனர்கள் திறமைசாலிகள்தான், மறுக்கவில்லை. தயவுசெய்து ஓலை மடிப்பை வரைந்து, ஒரிஜினல் ஃபைலோடு 15 நாளில் அனுப்புங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் ரயில் செலவையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் இல்லையென்றால் தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 சட்டப்படி என் மாவட்டத்திலேயே போடலாம், அதற்கு நான் சென்னை வர வேண்டியதில்லை.

அப்புறம், அந்த மனிதரை மட்டும் மறுபடி என்னிடம் பேசவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பள்ளிப் பொறுப்பாளர், சுவாமிமலை