மறதிக் குளிசையும் காது கேளாத எலியும்

அன்பின் மருமகனுக்கு,

என் அக்காவின் மறதிக்கென்று நீ ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய குளிசைப் போத்தல் கிடைத்தது. கூடவே வைத்திருந்த செய்தித் துண்டையும் வாசித்தேன். இந்தக் குளிசையால் வயதான எலிகளுக்கு நினைவாற்றல் திரும்பிவிட்டதாம். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் இன்னும் மூன்று வீடுகளுக்கு இப்படிப் போத்தல்கள் வந்திருக்கின்றன. அதனால்தான் பதிலை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

முதுமை ஆய்வுகளில் அதிகம் அடிபடுவது 'பிளாக் 6' என்ற கறுப்புச் சுண்டெலி. 1921 இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் லிட்டில் தொடங்கிய வம்சம். உடன்பிறந்தவற்றையே இணைத்து இணைத்து வளர்த்ததால் எல்லாம் ஒரே அச்சு. இரண்டு வயதானால் ஏறக்குறைய மனிதரின் எழுபது. அந்த வயதில் மூளையில் நடப்பவை மெய்தான்: புதிய நரம்புக் கலங்கள் பிறப்பது மிகவும் குறைகிறது, நரம்பைச் சுற்றிய மயலின் உறை சிதைகிறது, நரம்பு தசையைத் தொடும் இடம் துண்டு துண்டாகிறது. ஆனால் அல்சைமர் நோய் இந்த எலிகளுக்கு இயல்பாக வருவதில்லை. மனித மரபணுவைப் புகுத்தித்தான் அதன் சாயலை உண்டாக்குகிறார்கள்.

செய்தி எழுதுபவர்கள் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. இந்த வம்சத்துக்குக் காதில் பிறவிக் குறை. கடெரின் 23 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்தால் சில மாதங்களிலேயே உயர்ந்த சுருதி ஒலிகள் கேட்காமல் போகத் தொடங்கும். இரண்டு வயதில் ஏறத்தாழ முழுச் செவிடு. நினைவைச் சோதிக்கும் ஒரு முறையில் ஒலி எழுப்பி, உடனே காலடியில் மெல்லிய மின்அதிர்ச்சி கொடுப்பார்கள். மறுநாள் ஒலி கேட்டதும் எலி அசையாமல் உறைந்தால் அதற்கு நினைவிருக்கிறது. உறையாவிட்டால்? மறந்துவிட்டது என்று அவசரக்காரர் எழுதுவார். கவனமானவர் முதலில் காதைச் சோதிப்பார், அல்லது முதுமையிலும் காது கேட்கும் வேறு வம்சத்தை எடுப்பார்.

முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவனுக்கு இதை வாசித்த பிறகுதான் அக்காவின் நினைவு வந்தது. எனக்கே வெட்கம்.

நீ தொலைபேசியில் "சளி சுகமா" என்று கேட்டால் அவர் "புளி இருக்கிறது" என்கிறார். நீ மறதி என்கிறாய். கோயில் மணிக்குக் கைகூப்புகிறார், கைத்தொலைபேசி அலறினால் திரும்புவதேயில்லை. மனிதருக்கும் முதுமையில் முதலில் போவது உயர்ந்த சுருதிதான். 'ச' போன்ற எழுத்துகள் அதோடு போய்விடும். பழைய கதைகளைச் சரியாகச் சொல்வதைச் சான்றாக எடுக்கமாட்டேன், மறதிக்காரரும் அதைச் சொல்வார்கள். ஆனால் முகத்துக்கு நேரே இருந்து நேற்றைய மீன்காரனைப் பற்றிக் கேட்டேன். அவன் தரவேண்டிய இருபது ரூபாய் மிச்சத்தோடு, அவன் சொன்ன சாட்டையும் ஒப்புவித்தார்.

மறதி அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை காது வைத்தியரிடம் கூட்டிப் போகிறேன். அதுவரை போத்தல் என் அலுமாரியில் இருக்கும். நீ பேசும்போது வீடியோவில் வந்து, முகத்தைக் காட்டி, ஆறுதலாகப் பேசு. கத்தாதே, கத்தினால் அவருக்குக் கோபம் வருகிறது.

அன்புடன்,
மாமா