டெக்சாஸ் மாட்டில் நம்ம ஊர்த் திமில்

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆச்சு. பேரனுக்குக் காய்ச்சல், அதான் உடனே எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறான். உன் மயிலைப் பசு கன்று போட்டாளா?

போன சனிக்கிழமை மகன் என்னைக் கிங்ஸ்வில் என்ற ஊருக்குக் கூட்டிப்போனான், ஹூஸ்டனிலிருந்து காரில் நாலு மணி நேரம். அங்கேதான் கிங் ரான்ச் மாட்டுப் பண்ணை. 8,25,000 ஏக்கர், நம்ம நீலகிரி மாவட்டத்தை விடப் பெரிது, இன்றைக்கும் ஒரே குடும்பத்து வாரிசுகள் கையில். நீ பக்கத்தில் இல்லையே என்றுதான் அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

1853-ல் நீராவிப் படகு ஓட்டிக்கொண்டிருந்த ரிச்சர்ட் கிங், சாண்டா கெர்ட்ரூடிஸ் ஓடைக்கரையில் நிலம் வாங்கினார். மறு வருஷம் மெக்சிகோவுக்கு மாடு பிடிக்கப் போனார். குரூயாஸ் என்ற ஊரில் கடும் பஞ்சம், இருந்த மாட்டையெல்லாம் அவரிடம் விற்றுவிட்டார்கள். விற்ற பிறகு அந்த ஜனங்கள் எதை வைத்துப் பிழைக்கும்? அது உறைத்து, வேலையும் வீடும் தருகிறேன் என்று அவர்களையே கூப்பிட்டிருக்கிறார். தட்டுமுட்டுச் சாமானோடு ஊரே கிளம்பி வந்துவிட்டது. கினேன்யோஸ், அதாவது கிங்கின் ஆட்கள் என்று அவர்களுக்குப் பேர். படகுக்காரருக்கு மாட்டைப் பற்றி என்ன தெரிந்திருக்கும், சொல்? குதிரை ஏறுவதும் கயிறு வீசுவதும் இவர்கள் கைவேலை. தலைமுறை தலைமுறையாக அங்கேயே உழைத்திருக்கிறார்கள். அந்தப் பண்ணையின் சரித்திரத்தில் பாதி இவர்களுடையது என்றுதான் எனக்குப் படுகிறது.

1885-ல் கிங் இறந்தபோது கடனே 5 லட்சம் டாலர். மனைவி ஹென்ரியட்டா நிலத்தை விட்டுவிடாமல், மருமகன் ராபர்ட் கிளேபெர்க்கை வைத்துக் கட்டிக் காத்தார். 1899-ல் ஆழ்குழாய் போட்டதில் தண்ணீர் தானாகவே மேலே பொங்கி வந்தது, அப்புறம்தான் மூச்சு வந்தது.

உனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்து வழி ஷார்ட்ஹார்ன் மாடு அந்த வெயிலைத் தாங்கவில்லை. அதனால் பிராமன் காளையோடு சேர்த்தார்கள். பிராமன் என்றால் நம்ம நெல்லூர், கிர் மாடுகளின் வம்சம்! 1920-ல் பிறந்த மங்க்கி என்ற காளையின் வழியாக ஒரு புது இனமே உருவாகி, 1940-ல் அரசாங்கமும் சாண்டா கெர்ட்ரூடிஸ் என்று அதை ஏற்றுக்கொண்டது. வேலி ஓரம் நின்ற ஒரு மாட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அடர்ந்த செவலை, அலைதாடி மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது, காளைக்குச் சின்னதாய் ஒரு திமில் மேடு. தொண்டை அடைத்துவிட்டது, மாப்பிள்ளை.

அதோடு விடவில்லை. 1930-ஐ ஒட்டி, வேட்டைக்கென்று வடநாட்டு நீல்காய் என்ற பெரிய மானையும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இன்றைக்குத் தெற்கு டெக்சாஸில் ஆயிரக்கணக்கில் திரிகிறது. வெளிநாட்டு மிருகம் என்பதால் அதைச் சுட வருஷத்தில் இன்ன மாதம் என்ற கட்டுப்பாடே இல்லை, பணம் கட்டி வந்து வேட்டையாடுகிறார்கள். ஆனால் மாட்டுக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணியும் அதன் உடம்பில் ஏறி ஊர் ஊராய்ப் போகிறது, வேலி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அங்கே காடு பூராவும் மெஸ்கீட் மரம், நம்ம சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. மாடு காயைத் தின்று சாணம் போட்ட இடமெல்லாம் முளைத்துக் கிடக்கிறது. உன் மேய்ச்சல் கொறங்காட்டில் வெட்டிப் போட்டாயே, அது மறுபடி தழைத்ததா? கன்று போட்டதும் போட்டோ அனுப்பு, தைக்கு நான் ஊரில் இருப்பேன்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை