ஹோஸைக் கழற்ற மறந்த கதை

மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு (குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்கிற வால்வு) ஒழுகுகிறது, தினமும் காலையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, சாணியையும் கரைத்து விட்டால்தான் தண்ணீர் ஏறுகிறது என்று புலம்பியிருந்தாயே, அதைப் படித்துச் சிரித்தேன். அடுத்த வாரமே எனக்கும் ஒரு வால்வு வேலை வைத்துவிட்டது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

நான் இருப்பது அமெரிக்காவின் வடக்கே மினசோட்டா மாநிலம். செயின்ட் பால் நகரத்தை ஒட்டி, மூன்று வருஷம் முன்னால் வாங்கிய வீடு. பின்பக்கச் சுவரில் தோட்டத்துக்கு ஒரு குழாய் இருக்கிறது. பார்த்தால் சாதாரணப் பித்தளைக் குழாய்தான். வீட்டை விற்றவர் "இது ஃப்ராஸ்ட் ஃப்ரீ, உறையாது, கவலையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். உறையாது என்று சொன்ன பிறகு நான் ஏன் அதைப் பற்றி யோசிக்கப் போகிறேன்? போன அக்டோபரில் கத்தரிச் செடிக்கெல்லாம் கடைசியாகத் தண்ணீர் விட்டுவிட்டு, ஹோஸை அதிலேயே மாட்டியபடி சுருட்டித் தொங்கவிட்டேன். முனையில் துப்பாக்கி மாதிரி ஒரு ஸ்ப்ரே இருக்கும், அதுவும் மூடியபடியே இருந்தது. ஜனவரியில் ஒரு ராத்திரி மைனஸ் 29 வரை போனது. குழாயில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஏப்ரல் கடைசியில் பனியெல்லாம் போய், வெயில் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நாற்று விட்ட தொட்டிகளை வெளியே கொண்டுவந்து குழாயைத் திறந்தேன். தண்ணீர் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது. பத்து நிமிஷத்தில் கீழே பேஸ்மென்ட்டிலிருந்து உன் தங்கச்சி போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கூரைப் பலகையிலிருந்து அருவி மாதிரி கொட்டுகிறது, நேராகக் கீழே பொன்னி அரிசி மூட்டை இரண்டு. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் எல்லாம் அந்தப் பக்கத்து அலமாரியில்தான். ஆல்பம் தப்பித்தது. அரிசி போச்சு.

பிளம்பர் வந்து குழாயை உருவி எடுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் அது எப்படிப்பட்ட சாமான் என்றே எனக்குத் தெரிந்தது. வெளியே கைப்பிடி மட்டும்தான் இருக்கிறது. உள்ளே 12 அங்குலத்துக்கு ஒரு நீளமான தண்டு. வாஷர் உட்கார்ந்து தண்ணீரை அடைக்கிற இடம் அந்தத் தண்டின் மறுகோடியில், சுவரைத் தாண்டி, ஹீட்டர் ஓடுகிற கதகதப்பான பக்கத்தில் இருக்கிறது. வெளியே நின்று நான் கைப்பிடியைத் திருகினால், தண்ணீர் ஒரு அடி உள்ளேயே நின்றுவிடும். நடுவில் இருக்கிற குழல் லேசாக வெளிப்பக்கம் சரிந்து இருப்பதால், அதில் மிச்சமிருக்கிற தண்ணீர் தானாக வடிந்து வெளியே போய்விடும். உறைவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அவ்வளவுதான் சூத்திரம், சூடேற்றுகிற கம்பி கிடையாது, கரண்ட் கிடையாது.

ஆனால் வடிய வேண்டுமென்றால் காற்று உள்ளே போக வேண்டும் இல்லையா? மூடிய ஸ்ப்ரேயோடு ஹோஸ் மாட்டியிருந்தால் காற்றுக்கு வழி எங்கே? ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் ஜூஸ் உள்ளேயே நிற்குமே, அதே கதைதான். அந்த ஒரு அடித் தண்ணீர் அங்கேயே நின்று உறைந்து குழலைப் பிளந்திருக்கிறது. மீன் வாயைத் திறந்த மாதிரி இரண்டு அங்குலத்துக்கு ஒரு கீறல். இதில் கொடுமை என்னவென்றால், கீறல் விழுந்தது வாஷருக்கு வெளிப்பக்கம். குழாய் மூடியிருக்கும்வரை அங்கே தண்ணீரே வராது. அதனால் குளிர்காலம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை, நானாகப் போய்த் திறந்த அன்றைக்குத்தான் சுவருக்குள்ளேயே கொட்டியது.

நாம் பாலிடெக்னிக்கில் படித்தோமே, தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருக்கும் என்று. பனிக்கட்டி பெருத்துப் பக்கவாட்டில் குழாயைப் பிளக்கிறது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பல சமயம் அப்படி இல்லையாம். கட்டி ஒரு இடத்தில் அடைத்துக்கொண்டு வளரும்போது, அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறி, பனியே இல்லாத இடத்தில் வெடிக்குமாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வீடுகளை வைத்து ஆராய்ந்தவர்கள், வெளியே 20 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 7 செல்சியஸ், வந்தால் உஷாராக இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். கடுங்குளிரில் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வை என்று இங்கே எல்லோரும் சொல்வது இந்த அழுத்தத்துக்கு ஒரு வாசல் விடத்தான். டெக்சாஸில் 2021 பிப்ரவரியில் வீட்டுக்கு வீடு குழாய் வெடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே பல வீடுகளில் குழாய் மாடிப் பரணில் ஓடும், குளிரை நினைத்துக் கட்டியதே இல்லை. கரண்டும் போனதும் கதை முடிந்தது.

அப்புறம் இன்னொன்று சொல்ல வேண்டும். ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு விஸ்கான்சின் பக்கம் பண்ணை, நாலு குதிரை வைத்திருக்கிறார். அங்கே வெட்டவெளியில் ஒரு குழாய் நிற்கிறது, பார்த்தவுடன் நம் தெரு அடிபம்பு என்றே நினைத்தேன். அடிக்க வேண்டாம், கைப்பிடியைத் தூக்கினால் கொட்டும், அமுக்கினால் நிற்கும். அதன் வால்வு தரைக்குக் கீழே ஆறு அடியில் இருக்கிறது. எங்கள் மினசோட்டாவில் வீட்டு அஸ்திவாரத்தையே தெற்கில் 42 அங்குலம், வடக்கில் 60 அங்குலம் தோண்டி வைக்க வேண்டும் என்பது விதி, அந்த அளவுக்கு மண்ணுக்குள் குளிர் இறங்குகிறது. குழாய்க்காரர்கள் அதற்கும் கீழே போகிறார்கள். கைப்பிடியை அமுக்கியதும் மேலே தண்ணீர் வருவது நிற்கும், அதே நேரத்தில் வால்வு பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை திறந்து, நிற்கிற குழாயில் உள்ள தண்ணீர் எல்லாம் சுற்றிலும் கொட்டி வைத்த ஜல்லிக்குள் இறங்கிவிடும். பாதி திறந்து வைத்தால் தொலைந்தது, மேலேயும் வரும், அந்த ஓட்டை வழியாக மண்ணுக்குள்ளும் ஓடிக்கொண்டே இருக்கும், ஜல்லி ஊறிப்போனால் பிறகு வடியவும் இடம் இருக்காது. திறந்தால் முழுசாக, மூடினால் முழுசாக. நண்பர் அதைக் குதிரைக்காரப் பையனிடம் வாரம் ஒருமுறை கத்திச் சொல்லுவாராம்.

தெருவில் நிற்கிற தீயணைப்புக் குழாயும் இதே ஜாதிதான். உச்சியில் ஐந்து மூலை நட்டு, அதைத் திருகினால் நீளமான கம்பி வழியாகப் பூமிக்குள் வால்வு திறக்கும், மூடினால் உள்ளே இருப்பது வடிந்துவிடும். கலிபோர்னியாவில் குளிர் இல்லாத ஊர்களில் தண்ணீர் எப்போதும் மேல்வரை நிறைந்தே நிற்குமாம். நின்ற வாக்கில் இருக்கும் இந்தக் குழாயை 1801 வாக்கில் பிலடெல்பியாவில் ஃபிரெடரிக் கிராஃப் என்ற இன்ஜினியர் செய்தார் என்பார்கள். நிரூபிக்கத்தான் முடியாது, 1836-ல் காப்புரிமை அலுவலகம் தீப்பிடித்து எரிந்ததில் தாளெல்லாம் சாம்பல். தீயணைப்புக் குழாய்க்கு இப்படி ஒரு தலையெழுத்து!

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நீ குழாயில் தண்ணீர் நிற்கவில்லையே என்று சாணி கரைக்கிறாய். நான் தண்ணீர் நின்றுவிட்டதே என்று பிளம்பருக்கு 400 டாலர் அழுதேன். உன் ஃபுட் வால்வில் வாஷர்தான் தேய்ந்திருக்கும், பாசியோ கல்லோ சிக்கியிருந்தாலும் ஒழுகும். கிணற்றில் தண்ணீர் குறைந்திருக்கிற இந்த நேரத்திலேயே தூக்கிப் பார்த்துவிடு, மழைக்கு அப்புறம் ஆள் இறக்க முடியாது.

புதுக் குழாய் மாட்டியாச்சு. சரிவு வெளிப்பக்கம் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்து நானே பார்த்தேன், பிளம்பர் ஒரு மாதிரி முறைத்தார். போனில் ரிமைண்டர் எல்லாம் போட்டிருக்கிறேன், இருந்தாலும் எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. ஆயுத பூஜை அன்றைக்கு நீ மோட்டாருக்குப் பொட்டு வைத்து முடித்ததும் எனக்கு ஒரு போன் போடு. ஹோஸைக் கழட்டினாயா என்று மட்டும் கேள்.

அம்மாவுக்கு முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? கேட்டதாகச் சொல்.

உன்
பழைய ரூம்மேட்